கேட்ஸ் மைக்ரோ-வி டிரைவ் பெல்ட்டும் கிருஷ்ணகிரி உதிரிபாகக் கடையும்: வீட்டிலேயே மாற்றிய பின் ஒரு மதிப்பீடு

கார் எஞ்சினின் டிரைவ் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்றே சொல்வேன். ஆனால் வாங்கும் பெல்ட்டின் எண் சரியாக இருக்க வேண்டும். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் நிலையைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தும்போது ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டக் கூடாது. காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலில், பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் ஹாட்ச்பேக் ஒன்றுக்கு அண்மையில் இந்த வேலையைச் செய்து முடித்தோம். அதற்காக வாங்கிய கேட்ஸ் நிறுவனத்தின் மைக்ரோ-வி பெல்ட், அதை விற்ற கிருஷ்ணகிரி உதிரிபாகக் கடை, இணையத்தில் வரவழைத்த டென்ஷனர் கம்பி ஆகிய மூன்றைப் பற்றியும் என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இங்கே பேசப்படுவது எஞ்சினுக்கு வெளியே, பக்கவாட்டில் ஓடும் பெல்ட். எஞ்சினின் முதன்மைத் தண்டின் நுனியில் உள்ள சக்கரமான கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை எடுத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் ஏ.சி. கம்ப்ரசருக்கும், பல வண்டிகளில் வாட்டர் பம்புக்கும், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் அதன் பம்புக்கும் கொடுப்பது இதுதான். பழைய மெக்கானிக்குகள் இன்றும் இதை ஃபேன் பெல்ட் என்றே கேட்பார்கள். எஞ்சினுக்குள் வால்வுகளைக் கிராங்கோடு ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட் முற்றிலும் வேறானது. அதில் ஒரு பல் தவறினாலும் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே கெட்டுவிடும் என்பதால், அதை வீட்டில் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. டிரைவ் பெல்ட் அறுந்தால் எஞ்சின் உடனே கெடாது. ஆனால் பேட்டரி விளக்கு எரியும், ஏ.சி. நிற்கும், ஹைட்ராலிக் ஸ்டியரிங் இரும்பாய்க் கனக்கும். வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் சில நிமிடங்களில் வெப்பமானி முள் ஏறத் தொடங்கும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், முன்னும் பின்னும் சரக்கு லாரிகள் நெருக்கிக்கொண்டு வரும் இடத்தில், இவை ஒன்றாக நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வண்டியில் பெல்ட் அறுபடவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கீச்சென்று கத்தியது. இந்தச் சத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சத்தம் வந்தால் பெல்ட்டை மாற்று என்பது பாதி உண்மை மட்டுமே. குருவி கத்துவதைப் போல விட்டு விட்டு வரும் கிறீச்சொலி பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் வருவது. ஏ.சி. போட்டவுடனோ ஆக்சிலேட்டரை மிதித்தவுடனோ நீண்டு இழுக்கும் கீச்சொலி, பெல்ட் போதிய இறுக்கமின்றிப் புல்லியில் வழுக்குவதால் வருவது. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் நியூட்ரலில் ஓடும்போது, தெளிப்பான் புட்டியிலிருந்து சிறிது தண்ணீரைப் பெல்ட்டின் வரிகள் (நீளவாட்டில் ஓடும் மேடுகள்) உள்ள பக்கத்தில் தெளிக்க வேண்டும். சத்தம் சற்று நேரம் அடங்கி மீண்டும் வந்தால் கோணல் என்றும், தண்ணீர் பட்டதும் இன்னும் உரக்கக் கத்தினால் இறுக்கக் குறைவு என்றும் கொள்ளலாம். இந்தச் சோதனையைச் செய்பவர் தொங்கும் துண்டையும் வேட்டியையும் தவிர்த்து, கை முழுவதும் எட்டி நின்றே செய்ய வேண்டும். சுழலும் பெல்ட் துணி நுனியைப் பிடித்துவிட்டால் இழுத்துக்கொள்ள அதற்கு ஒரு கணம் போதும். எங்கள் வண்டியில் தண்ணீர் பட்டதும் சத்தம் கூடியது. அதாவது பெல்ட்டோ டென்ஷனரோ இரண்டுமோ காரணம்.

சத்தத்தை அடக்க வரிகளில் எண்ணெய், கிரீஸ், தேங்காய் எண்ணெய், பெல்ட் ஸ்பிரே என்று எதையாவது தடவும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. இதைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெல்ட் இன்னும் வழுக்கும், வழுக்கலில் சூடு ஏறும், அதோடு சாலைப் புழுதியும் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுப்புறத்தில் கருங்கல் ஏற்றிய லாரிகளின் பின்னால் செல்பவர்களுக்கும், மாந்தோப்புகளுக்கு மண் பாதையில் போய் வருபவர்களுக்கும் இந்தப் புழுதியே பெரிய பகை. எங்கள் பழைய பெல்ட்டைக் கழற்றியபோது ஆறு வரிகளுக்கும் இடைப்பட்ட பள்ளங்களில் மாவாக அரைத்த செம்மண் படிந்திருந்தது. நகத்தால் கீறியபோது செம்மண் உதிர்ந்த இடத்தில் பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் பளபளத்தது. அது தேய்மானத்தின் அடையாளம்.

அதனால்தான் பழைய பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இல்லையென்றால் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்வது இக்காலத்துப் பெல்ட்டுகளுக்குப் பொருந்தாது. முன்பு நியோப்ரீன் ரப்பரில் செய்த பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே வெடித்து, துண்டு துண்டாக உதிரும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 1990-களின் பின்பகுதியிலிருந்து பரவிய ஈ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகள் அப்படி எளிதில் வெடிப்பதில்லை. அவை டயரைப்போலத் தேய்கின்றன: வரிகளின் பக்கங்களில் ரப்பர் குறையக் குறைய, பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் ஆழமாக அமர்ந்து, பக்கச் சுவர்களில் இருக்க வேண்டிய பிடிப்பு போய், அடியில் உட்கார்ந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் கறுப்பாய், வெடிப்பின்றி, புதிது போலவே இருக்கும். வரிகளுக்கிடையில் வைத்துப் பார்க்கும் சிறிய பிளாஸ்டிக் அளவுகோலால்தான் இந்தத் தேய்மானத்தைக் கண்டறிய முடியும். கேட்ஸ் நிறுவனம் அத்தகைய அளவுகோலை வெளியிட்டுள்ளது. அளவுகோல் புதிய பெல்ட்டின் பள்ளத்தில் முழுதும் இறங்காமல் மேலே நிற்கும். தேய்ந்த பெல்ட்டில் வரிகளின் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். எங்கள் பழைய பெல்ட்டில் அது இறங்கியே இருந்தது.

இனிப் பெல்ட் வாங்கிய கதை. என் காரின் பெயரைச் சொல்லி, இன்ன எண் வாங்குங்கள் என்று எழுதினால் படிப்பவருக்கு அது நன்மையாகாது. ஒரே மாடலில் ஏ.சி. உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும், ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ளதற்கும் மின்சார ஸ்டியரிங் உள்ளதற்கும் பெல்ட்டின் நீளம் மாறும். பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணே நம்பத்தக்கது. எடுத்துக்காட்டாக 6பி.கே.1070 என்று இருந்தால், 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பி.கே. என்பது கார்களுக்கு உரிய வரி வடிவம், அதில் ஒரு வரியின் நடுவிலிருந்து அடுத்த வரியின் நடுவுக்கு 3.56 மி.மீ.; 1070 என்பது மில்லிமீட்டரில் நீளம். ஆறு வரிப் பெல்ட்டின் அகலம் ஏறத்தாழ 21 மி.மீ. என்பதால், எண் அழிந்துபோன பெல்ட்டாக இருந்தாலும் வரிகளை எண்ணி, ஒரு நூலைச் சுற்றி நீளம் பார்த்து நெருங்கிவிடலாம். அதன்பின் வண்டியின் சேசிஸ் எண்ணை வைத்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. ஐந்து மில்லிமீட்டர் வேறுபாட்டை டென்ஷனர் சமாளித்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. சில வண்டிகளில் சமாளிக்கும்தான். ஆனால் டென்ஷனரின் கை தன் இயங்கெல்லையின் நடுவில் நிற்க வேண்டும் என்பதே வடிவமைப்பு. எல்லையின் விளிம்பில் நிற்கும் டென்ஷனர் பெல்ட்டைச் சரியாக இறுக்காது.

முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிப் பார்த்தோம். வந்த பெல்ட் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இரண்டாக மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. பல வரிப் பெல்ட்டின் உள்ளே நீளவாட்டில் ஓடும் நூல்களே சுமை முழுவதையும் தாங்குகின்றன. கூர்மையாக மடித்தால் அந்த நூல்கள் உள்ளேயே ஒடிந்து, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் கிடக்கும். அதோடு, முதுகில் இருந்த எழுத்துகள் ஈரத் துணியால் துடைத்ததும் மங்கின. அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பணமும் வந்து சேர்ந்தது. பெரிய பிராண்டின் பெயரில் விலை பாதியாகக் கிடைத்தால், உறையின் அச்சையும், எழுத்துகளின் தெளிவையும், மடிப்புத் தடத்தையும் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் சேலம் சாலையில் உள்ள உதிரிபாகக் கடைக்குச் சென்றது அதன் பிறகுதான். கடைக்காரர் ஒருவரைப் பற்றி இணையத்தில் எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். அந்தக் கடையில் எனக்குப் பிடித்தது, நான் காரின் பெயரைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் தடுத்ததுதான். "பேரு போதாதுங்க சார், பழைய பெல்ட்டு கொண்டாந்திருக்கீங்களா? இல்லேன்னா நம்பர் போட்டோ காட்டுங்க," என்றார். போட்டோவைக் காட்டினேன். அதை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வண்டி எந்த ஆண்டு, ஏ.சி. இருக்கிறதா, முன்பு யாராவது டென்ஷனரை மாற்றினார்களா என்று கேட்டு, தன் பட்டியலில் ஒப்பிட்ட பின்தான் உள்ளே சென்றார். பெல்ட்டுகள் அங்கே மடிக்கப்படாமல் அட்டைச் சட்டைகளோடு நேராகத் தொங்கின. ஃபென்னர், காண்டிடெக், கேட்ஸ் மூன்றையும் காட்டி, மூன்றும் நன்றாக ஓடும் என்று சொல்லி, எதையும் என் தலையில் கட்ட முயலவில்லை. இதே வேலைக்கு ஒரு சர்வீஸ் மையம் கேட்டிருந்த தொகையோடு ஒப்பிட்டால், பெல்ட்டின் விலை அதில் சிறு பகுதி. முறையான பில்லும் கொடுத்தார்.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. பெல்ட்டுக்கு இவ்வளவு கேள்வி கேட்டவரிடம், ஒரு டென்ஷனரும், பெல்ட்டின் போக்கைத் திருப்பிவிடும் ஐட்லர் புல்லியும் கையிருப்பில் இல்லை. சொல்லி வைத்தால் பெங்களூருவிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றிய பிறகுதான் டென்ஷனரின் பேரிங் கெட்டது பலருக்குத் தெரியவரும். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது அடுத்த நாள் பார்சலுக்குக் காத்திருப்பது கடினம். அதனால் இந்தக் கடைக்குச் செல்பவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே டென்ஷனரின் நிலையைப் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.

கேட்ஸ் பெல்ட்டின் தரத்தைப் பற்றி. ரப்பரால் ஆன வி வடிவப் பெல்ட்டை 1917-இல் உருவாக்கியவர் ஜான் கேட்ஸ் என்பது பெல்ட் தொழிலில் பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்த நிறுவனம் அமெரிக்காவின் டென்வர் நகரில் 1911-இல் தொடங்கியது. ஆனால் பழம்பெருமையால் ஒரு பெல்ட் சத்தமின்றி ஓடிவிடாது. கையில் எடுத்ததும் நான் பார்த்தவை வேறு: வரிகளின் விளிம்பு ஆறிலும் ஒரே உயரத்தில், பிசிறின்றி வெட்டப்பட்டிருந்தன, பெல்ட்டை மேசையில் விளிம்பில் நிறுத்தியபோது அலையாமல் தட்டையாக நின்றது, ஓரத்தில் உள் நூல் எதுவும் வெளியே தெரியவில்லை, முதுகு எழுத்துகளை நகத்தால் சுரண்டியும் அவை போகவில்லை. ஓரத்தில் நூல் எட்டிப் பார்க்கும் பெல்ட் புல்லியின் விளிம்பில் உரசி, அந்த நூல் இழையிழையாகப் பிரிந்து, இறுதியில் ஒரு வரியே கழன்றுவிடும். அந்த நிலையில் இருந்த பெல்ட் ஒன்றை நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்திருக்கிறேன். எனவே வாங்குமுன் இரண்டு ஓரங்களையும் முழுச் சுற்றாகப் பார்ப்பது இன்றியமையாதது.

வேலைக்குத் தேவையான சாமான்களில் முதன்மையானது ஜாக்கி ஸ்டாண்டு. எங்கள் காரில் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருப்பதால், பெல்ட்டுகள் வலது முன் சக்கரத்தின் பக்கம், உள் மட்கார்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடைவெளியில் இருக்கின்றன. சக்கரத்தையும் பிளாஸ்டிக் லைனரையும் கழற்றினால்தான் கிராங்க் புல்லி முழுமையாகத் தெரியும். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே தலையைக் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். சமமான சிமென்ட் தரை, பின் சக்கரங்களுக்குக் கல் அடை, ஹேண்ட் பிரேக், சேசிஸில் குறித்த இடத்தில் ஸ்டாண்டு, கழற்றிய சக்கரத்தையும் பாதுகாப்புக்காக வண்டிக்கு அடியில் படுக்க வைத்தல் ஆகியவற்றில் ஒன்றைக்கூடத் தவிர்க்கக் கூடாது. மண் வாசல் உள்ள வீடாக இருந்தால், ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே தடித்த பலகை தேவை. மழை பெய்த செம்மண்ணில் அதுவும் போதாது, அன்றைக்கு வேலையைத் தள்ளி வைப்பதே சரி.

இணையத்தில் வாங்கிய டென்ஷனர் கம்பி என்பது நீண்ட தட்டையான இரும்புப் பட்டையும், அதன் நுனியில் மாட்டும், போல்ட்டின் தலையைக் கவ்வும் சில பாக்ஸ்களும் கொண்ட தொகுப்பு. இதன் பயன் உண்மையானது. டென்ஷனரின் கையில் உள்ள சதுரத் துளையிலோ அறுகோண போல்ட்டிலோ இதை மாட்டி, சுருளின் விசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும்; சாதாரண ராட்செட்டின் தலை தடிப்பாக இருப்பதால் எங்கள் வண்டியின் இடைவெளிக்குள் நுழையவில்லை, இந்தப் பட்டை நுழைந்தது. நீளம் தரும் நெம்புவலிமையும் கை நோகாமல் வேலையை முடிக்க உதவுகிறது. ஆனால் தொகுப்பில் வந்த பாக்ஸ்களின் வாய் சற்றுத் தளர்ச்சி. முழு விசை கொடுத்தபோது போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும்போலத் தோன்றியதால், எங்களிடம் ஏற்கெனவே இருந்த நல்ல பாக்ஸையே மாட்டிக்கொண்டோம். பட்டை தேவை, உடன் வரும் பாக்ஸ்கள் தேவையில்லை என்பதே இந்தப் பொருள் பற்றிய என் முடிவு. டென்ஷனரே இல்லாமல் பெல்ட்டின் நெகிழ்ச்சியை மட்டும் நம்பி அமைத்த வண்டிகள் சிலவும் உண்டு. அவற்றின் பெல்ட்டை மாட்டத் தனிக் கருவி வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் புதிய பெல்ட்டின் ஓரம் கிழியும். ஆல்டர்னேட்டரையே நகர்த்தி இறுக்கும் பழைய வகை வண்டிகளுக்கு இந்தப் பட்டை எதற்கும் பயன்படாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது முதல் வேலை. ஆல்டர்னேட்டரின் பின்புறம் எப்போதும் மின்சாரம் இருக்கும் முனை ஒன்று உள்ளது. இரும்புப் பட்டை அதையும் எஞ்சின் உடலையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும். அடுத்து, பெல்ட் எந்தப் புல்லியின் மேலாக, எதன் கீழாகச் செல்கிறது என்பதைப் பல கோணங்களில் கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டும். சில வண்டிகளில் பானெட்டின் அடியில் வழித்தட ஸ்டிக்கர் இருக்கும்; எங்கள் வண்டியில் அது வெயிலில் வெளுத்துப் படிக்க முடியாதபடி ஆகியிருந்தது. மச்சான் ஒரு அட்டையில் பேனாவால் வரைந்து வைத்தார், வேலை நடக்கும்போது கிரீஸ் கையோடு கைப்பேசியைத் தொடுவதைவிட அதுவே வசதியாக இருந்தது. வரி உள்ள பக்கம் வரியுள்ள புல்லிகளிலும், வழவழப்பான முதுகு வழவழப்பான புல்லிகளிலும் ஓட வேண்டும் என்ற ஒரே விதி நினைவில் இருந்தால் வழித்தடம் பெரும்பாலும் தவறாது.

டென்ஷனரைத் திருப்பி, தளர்ந்த பெல்ட்டை மேலே உள்ள புல்லியிலிருந்து நழுவவிட்டு, பின் கையை மெல்ல மெல்லத் திரும்ப வர விட வேண்டும். சடாரென்று விட்டால் டென்ஷனருக்குள் இருக்கும் அதிர்வடக்கும் உறுப்பு கெட்டுவிடும், விரலும் நசுங்கும். சில டென்ஷனர்களில் கை பின்வாங்கிய நிலையில் ஓர் ஊசியைச் செருகி நிறுத்தத் துளை இருக்கிறது. அது இருந்தால் வேலை ஒருவராலேயே முடியும்; இல்லையென்றால் பட்டையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

பெல்ட் வெளியே வந்த அந்த நேரம்தான் இந்த வேலையின் உயிர்நிலை என்பேன். புதிய பெல்ட்டை உடனே மாட்டும் அவசரத்தை அடக்கி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஐட்லரும் டென்ஷனர் புல்லியும் மெதுவாக, கிரீஸ் நிறைந்த தடையோடு ஒரு சுற்றோ இரண்டோ சுழன்று நிற்க வேண்டும். சைக்கிள் சக்கரம்போல விர்ரென்று நிற்காமல் சுழன்றால் உள்ளே கிரீஸ் தீர்ந்துவிட்டது. மணல் அரைபடும் ஒலி வந்தால் பேரிங் முடிந்தது. எங்கள் டென்ஷனர் புல்லியில் உலர்ந்த கரகரப்பு தெளிவாகக் கேட்டது. அதன் கையை இருபுறமும் தள்ளிப் பார்த்தபோதும், ஒரு இடத்தில் சிக்கி, பின் துள்ளி நகர்ந்தது. இந்த நிலையில் புதிய பெல்ட்டை மட்டும் மாட்டியிருந்தால் சில மாதங்களில் சத்தம் திரும்பியிருக்கும். பெல்ட்டின் மேல்தான் பழியும் விழுந்திருக்கும். கடைக்காரர் கேட்டிருந்த கேள்வி நினைவில் இருந்ததால் டென்ஷனரை முன்பே சொல்லி வரவழைத்திருந்தோம்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஆல்டர்னேட்டரின் புல்லியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பல டீசல் எஞ்சின்களில் அது வெறும் இரும்பு வட்டம் அன்று. உள்ளே ஒருபக்கக் கிளட்ச் இருக்கும். டீசல் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்பிலும் முன்னும் பின்னும் குலுங்குவதால், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் கனமான ரோட்டர் அந்தக் குலுக்கலைப் பெல்ட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் காப்பதே அதன் வேலை. கையால் ஒரு திசையில் திருப்பினால் ரோட்டரும் சேர்ந்து சுழல வேண்டும். எதிர்த்திசையில் புல்லி மட்டும் சறுக்கிச் செல்ல வேண்டும். இரு திசையிலும் ரோட்டரை இழுத்தால் கிளட்ச் இறுகிவிட்டது. இரு திசையிலும் சறுக்கினால் அது அறுந்துவிட்டது. இறுகிப்போன புல்லியோடு ஓடும் வண்டியில், பானெட்டைத் திறந்து பார்த்தால் டென்ஷனரின் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல பெல்ட்டையும் அது விரைவில் கொன்றுவிடும். எங்கள் வண்டியில் இந்தக் கிளட்ச் நன்றாகவே இருந்தது. இந்தச் சோதனையை எந்தப் பட்டறையிலும் எனக்கு யாரும் செய்து காட்டியதில்லை. பெல்ட் அடிக்கடி போகிறது என்று புலம்பும் டீசல் வண்டிக்காரர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

புல்லிகளின் பள்ளங்களில் இருந்த செம்மண்ணை உலர்ந்த நைலான் தூரிகையால் துடைத்தோம். பெட்ரோல் நனைத்த துணியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது ரப்பருக்கும் பேரிங் சீலுக்கும் ஆகாது. அதன்பின் அட்டையில் வரைந்த தடத்தின்படி பெல்ட்டைச் சுற்றி, எளிதில் எட்டும் வழவழப்பான புல்லியைக் கடைசியாக வைத்துக்கொண்டு, டென்ஷனரைத் திருப்பி நழுவ விட்டோம்.

இங்கே கண்ணுக்குத் தப்பும் பிழை, ஆறு வரிகளில் ஒன்று புல்லிக்கு வெளியே தொங்குவது. மேலிருந்து பார்க்கும்போது சரியாகவே தெரியும். கீழே கிராங்க் புல்லியில் மட்டும் ஒரு வரி தள்ளி அமர்ந்திருக்கும். டார்ச் அடித்து, விரல் நுனியால் ஒவ்வொரு புல்லியின் இரு ஓரங்களையும் தடவிப் பார்க்க வேண்டும். பின்னர் கிராங்க் புல்லியின் போல்ட்டில் பாக்ஸை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றி, மீண்டும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் சாவியைத் திருப்பி, ஒரு வரி கிழிந்து சுற்றிக்கொண்ட பெல்ட்டை அன்றே மறுபடி வாங்கியவர்கள் உண்டு.

ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சத்தம் மட்டுமே கேட்டது. ஏ.சி. முழு வேகத்தில், ஹெட்லைட்டும் பின் கண்ணாடி ஹீட்டரும் போட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிச் சோதித்தோம், பெல்ட் முனகவில்லை. டென்ஷனரின் கை ஏறத்தாழ அசையாமல் நின்றது. அதன்பிறகு தர்மபுரிக்கும் ஓசூருக்கும் வழக்கமான ஓட்டங்களும், தொப்பூர் ஏற்றத்தில் ஏ.சி.யோடு நடுப்பகல் பயணமும், ஒகேனக்கல் சாலையில் மழையும் ஆகிவிட்டன. ஈரத்தில் முதல் ஸ்டார்ட்டில் வரும் கீச்சொலி இப்போது இல்லை. அண்மையில் பானெட்டைத் திறந்து பார்த்தபோது பெல்ட்டின் ஓரத்தில் பிசிறு இல்லை. புல்லிகளின் கீழே கறுப்பு ரப்பர்த் தூள் படியவும் இல்லை. தூள் படிந்திருந்தால் கோணலில் உரசுகிறது என்று பொருள்.

பெல்ட்டுக்கு எவ்வளவு தூரம் ஆயுள் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கேட்ஸ் நிறுவனம் பொதுவாக 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கி.மீ. ஓடியதும் பெல்ட்டைச் சோதிக்கச் சொல்கிறது. ஆனால் கருங்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதியைக் குடித்துக்கொண்டே ஓடும் நம் பகுதி வண்டிகளுக்கு அவ்வளவு காலம் காத்திருக்காமல், எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் அளவுகோலை ஒருமுறை வைத்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வீட்டில் யார் செய்யலாம் என்று கேட்டால், சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதிலும், ஸ்பேனர் பிடிப்பதிலும் பழக்கம் உள்ளவர், தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டியை வைத்திருப்பவர், உடன் ஒருவர் துணைக்கு இருப்பவர் தயங்காமல் செய்யலாம். எஞ்சின் மவுன்டிங்கை இறக்கினால்தான் பெல்ட் வெளியே வரும் வண்டிகளும், பெல்ட் பாதியில் அறுந்து துண்டுகள் டைமிங் கவருக்குள் போயிருக்கலாம் என்ற ஐயம் உள்ள வண்டிகளும் பட்டறைக்கே செல்ல வேண்டும். அத்தகைய வண்டிகளில் வீட்டிலேயே செய்து மிச்சம் பிடிக்கும் கூலி எஞ்சின் செலவில் காணாமல் போகும்.

கேட்ஸ் மைக்ரோ-வி பெல்ட்டை மீண்டும் வாங்குவேன். டென்ஷனர் பட்டையை, நல்ல பாக்ஸ் கையில் இருப்பவர்களுக்குப் பரிந்துரைப்பேன். கிருஷ்ணகிரிக் கடையில், பெல்ட்டோடு டென்ஷனரையும் ஐட்லரையும் நம் பகுதியில் அதிகம் ஓடும் சில வண்டிகளுக்காவது இருப்பு வைக்கும்படி அவரிடமே சொல்லியிருக்கிறேன். "கேக்கறவங்க கம்மி சார், நீங்க நாலு பேருக்குச் சொல்லுங்க, வெச்சிடறேன்," என்றார். பெல்ட் மாற்றப் போகிறவர்கள் அங்கே சென்றால் டென்ஷனரையும் சேர்த்துக் கேளுங்கள்.